மாதுங்கா சஜ்ஜாவும் கல்யாண் சுவரும்

1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. இரண்டே ஆண்டில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகளுக்காகத் தாதர்–மாதுங்கா திட்டம் வந்தது. தமிழர்கள் திரளாகக் குடியேறிய அந்த மாதுங்காவில், 1930, 40களின் கான்கிரீட் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. சன்னல்களுக்கு மேல் புருவம்போல் வளைந்து ஓடும் சஜ்ஜாவைக் கவனியுங்கள். வெயில் சுவரைத் தொடுமுன்பே அதை மறிக்கும் அந்த மெல்லிய பலகை அழகுக்கு மட்டும் வைத்ததல்ல.

பம்பாயை அடுத்த கல்யாணின் கதை வேறு. அங்கே ரயில் 1854இலேயே வந்துவிட்டது. அடுக்குமாடிகள் வெகு பின்னால் வந்தன.

கடற்காற்று குறைந்த ஊர். மே மாத வெயில் கொளுத்தும். இன்று அங்கே எழும் கோபுரங்கள் பலவற்றில் அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர்கள். வேலை வேகமாக முடிகிறது, உறுதியும் உண்டு. ஆனால் கான்கிரீட் செங்கல்லைவிட எளிதாக வெப்பத்தைக் கடத்தும். பகலில் வாங்கிய சூட்டை இரவில் படுக்கையறைக்குள் விடும். சஜ்ஜாவையும் சுருக்கிவிட்டது பெரிய இழப்பு.

மாற்றுவழி பழசுதான். 1920களிலேயே சுவீடனில் காற்றுக்குமிழிக் கான்கிரீட் பிறந்தது. இன்றைய ஏஏசி பிளாக் அதன் வாரிசு. 1960களில் கனடாவின் வெர்னர் கிரெகோரி இன்னொரு வழி கண்டார்: இருபுறமும் நுரைப்பலகை, நடுவே கம்பி கட்டிக் கான்கிரீட். பலகையைப் பிரிப்பதில்லை, அதுவே வெப்பத்தடை.

2018இல் மத்திய அரசு கொண்டுவந்த குடியிருப்புக் கட்டட ஆற்றல் விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை நீங்கலான வெளிச்சுவர், சன்னல் வழியே புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைத்தது. கல்யாணில் ஃபிளாட் பார்ப்பவர்கள் கார்பெட் ஏரியாவோடு இந்த எண்ணையும் பில்டரிடம் கேட்க வேண்டும்.