லத்தீனா

லத்தீன் அமெரிக்க வேர்கொண்ட பெண்ணைக் குறிக்கும் பெயர்ச்சொல் இது. 'லத்தீனோஅமெரிக்கானா' என்ற ஸ்பானிய நெடுஞ்சொல்லின் குறுக்கம். இன்னும் பின்னே போனால் இத்தாலியின் லத்தியம் என்ற பகுதியில் பிறந்த லத்தீன் மொழியின் பெயரில் முடியும். ஆண் என்றால் லத்தீனோ. ஈற்றிலுள்ள 'ஆ' பெண்பால் விகுதி. இனமும் பாலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

அமெரிக்காவின் ஊதியக் கணக்கில் அந்த இரண்டுக்கும் விலை உண்டு. 2023ஆம் ஆண்டு வருமானப்படி, ஆண்டு முழுதும் முழுநேரம் உழைக்கும், லத்தீனோ அல்லாத வெள்ளையின ஆண் ஒரு டாலர் பெற்றால் லத்தீனாவுக்குக் கிடைத்தது 58 சென்ட். பகுதிநேரத்தாரையும் சேர்த்தால் 51தான். அவன் ஓராண்டில் பெற்றதை எட்ட அவள் அடுத்த ஆண்டிலும் பல மாதம் உழைக்க வேண்டும். அதை நினைவூட்டும் லத்தீனா சம ஊதிய நாள் 2024இல் அக்டோபர் 3 அன்று வந்தது.

சம ஊதியச் சட்டம் 1963இலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஒரே நிறுவனத்தில் ஒரே வேலை செய்யும் ஆண் பெண்ணைத்தான் ஒப்பிடுகிறது. லத்தீனாக்கள் பலர் இருப்பதோ வீட்டுவேலை, வயல்வேலை, துப்புரவு ஆகியவற்றில். 1938ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வயலையும் வீட்டையும் வெளியே நிறுத்தியது. வீட்டுப் பணியாளர் அதற்குள் வர 1974 ஆயிற்று. பட்டம் பெற்ற லத்தீனாக்களுக்கும் இடைவெளி மூடவில்லை. ஆகவே படிப்பின்மையைக் காரணம் சொல்வது நியாயமன்று.

வேலைக்கு வருவோரிடம் முந்தைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டு அதன்மேல் புதியதை நிர்ணயிக்கும் வழக்கம் பழைய அநீதியைச் சுமந்து செல்கிறது. கலிஃபோர்னியா 2018 முதல் அக்கேள்வியைத் தடை செய்துள்ளது. நாடு முழுதும் அது தடை செய்யப்பட வேண்டும்.