ஒரு லட்சம்

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு தூரத்து உறவு. கல்யாணம், கருமாதி என்றால் எட்டிப் பார்க்கும், அதோடு சரி. ஆயினும் ஒரு கணக்கை மட்டும் வாசகர்களுக்குச் சொல்லியே தீரவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது பிரிட்டிஷ் சர்க்கார் போட்ட கணக்கு.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம். கொரோனா என்னும் கொள்ளைநோய் அந்தத் தேசத்தில் பரவிக்கொண்டிருந்த சமயம். 12-ந் தேதியன்று, ஊருக்குள் நோய்க்குறி கண்டவர்களையெல்லாம் சோதிப்பதைச் சர்க்கார் நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் வந்து படுத்தவர்களுக்கே பெரும்பாலும் சோதனை. மற்றவர்கள் வீட்டோடு கிடக்கவேண்டியது. நான்கு நாள் கழித்து உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர், சோதனை செய்யுங்கள் என்று மும்முறை அடுக்கிச் சொன்னார். பத்திரிகைகளும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் 2-ந் தேதி சுகாதார மந்திரி மாட் ஹான்காக், மாத முடிவுக்குள் நாளொன்றுக்கு 1,00,000 சோதனை என்று தமக்குத் தாமே ஒரு கெடு வைத்துக்கொண்டார். அப்போது நடந்துகொண்டிருந்தது சுமார் 10,000.

கெடு வைப்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பின்னாலிருந்து விரட்ட ஒன்று இருந்தால்தான் எந்தச் சர்க்காரும் ஓடும். மில்டன் கீன்ஸிலும் கிளாஸ்கோவிலும் பெரிய பரிசோதனைச் சாலைகள் அந்த மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டன. மெய்யான காரியந்தான்.

மே முதல் தேதி மந்திரி வெற்றிச் செய்தி சொன்னார். ஏப்ரல் 30-ந் தேதிக் கணக்கு 1,22,347! ஆனால் அந்தத் தொகையைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 27,497 சோதனைகள், வீடுகளுக்குத் தபாலில் அனுப்பிய பெட்டிகள். இன்னும் 12,872, வேறு இடங்களுக்கு அனுப்பி வைத்தவை. பெட்டி புறப்பட்டாலே சோதனை முடிந்ததாகக் கணக்கு! இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 81,978. அன்று சோதிக்கப்பட்ட மனிதர்களோ 73,191 பேர்தான்.

கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டால், தபாலில் போட்ட பத்திரிகைகளையும் சேர்த்துச் சொல்லுகிற சம்பந்தியை நாம் என்ன சொல்வோம்?

பிரிட்டனில் புள்ளிவிவரங்களைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு அப்போது தலைவராயிருந்தவர் சர் டேவிட் நார்க்ரோவ். அவர் மே மாதமும் ஜூன் மாதமும் மந்திரிக்குக் கடிதம் எழுதினார். விஷயம் விளங்காமற் போனாலும் பரவாயில்லை, எண் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதே நோக்கமாகத் தோன்றுகிறது என்று ஜூன் கடிதத்தில் அவர் கண்டித்தார். ஆகஸ்டு மாதம் சர்க்காரே, இருமுறை எண்ணப்பட்டவை என்று சொல்லி, 13 லட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகளை மொத்தத்திலிருந்து நீக்கியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மாவா?

இதெல்லாம் வெறும் எழுத்துப்பிசகு என்று தள்ளிவிடலாம், முதியோர் இல்லங்களை மறந்துவிட்டால். மார்ச் 17-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையில் இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளிலிருந்து சுமார் 25,000 பேர் அந்த இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோரையும் சோதித்தே அனுப்புவது என்ற முடிவு ஏப்ரல் 15-ந் தேதிதான் வந்தது. முன்னே போனவர்களில் எத்தனை பேர் நோயைச் சுமந்து போனார்கள்? தெரியாது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் அந்த ஜூன் மாதமே எழுதியது. நோய்க்குறி இல்லாதவர்களும் நோயைப் பரப்பக்கூடும் என்ற அபாயத்தை யோசிக்காமல் அவர்களை அனுப்பிய கொள்கை சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு லட்சத்தைக் காட்டுவதற்குத் தபால் பெட்டி வரை எண்ணினார்கள். ஒரு கிழவியின் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்ட மனிதருக்கு நோய் உண்டா, இல்லையா என்பதை எண்ணவில்லை. அந்தக் கிழவிக்கு வேண்டியிருந்தது அந்த ஒரே விடைதான்.

ஆகையால், வாசகர்களே, எந்தத் தேசத்து மந்திரியானாலும் பெரிய எண் ஒன்றைச் சொன்னால் உடனே கைதட்டிவிடாதீர்கள். எதை எண்ணினீர்கள் என்று முதலில் கேளுங்கள். எதை எண்ணாமல் விட்டீர்கள் என்று மறுபடியும் கேளுங்கள்.