ஆன் ஹட்சின்சனின் கொடிவழி

1620ஆம் ஆண்டுக்கும் 1640ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 20,000 ஆங்கிலேயர் அட்லாண்டிக் கடலைக் கடந்து, வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறினர். உழவர், நெசவாளர், தச்சர், வணிகர், சமயப் போதகர் எனப் பல தரத்தினரும் அவர்களுள் இருந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களுட் பலர் இன்று தம் கொடிவழியைத் தேடுகின்றனர். தேடுவோருட் பலரின் கண் ஒரு மணிமுடியை நாடியே செல்கிறது. இத்துறையில் வல்லவரான கேரி பாய்ட் ராபர்ட்ஸ் 1993இல் அமெரிக்காவுக்கு வந்த 500 குடியேறிகளின் அரச வழியைத் தொகுத்து நூலாக்கினார். 2004இல் வெளிவந்த தொகுப்பில் அத்தொகை 600 ஆயிற்று. 2018இல் 900 ஆயிற்று. இறந்துபோன குடியேறிகள் பெருகவில்லை. ஏடுகளைப் புரட்டியவர்களே பெருகினர்.

எந்தக் குடியேறியின் வழியாகப் பிற்காலத்தார் ஓர் அரசனைச் சென்றடைய இயலுமோ, அவரை வாயில் முன்னோர் என்று கொடிவழி ஆய்வாளர் அழைப்பர். அத்தகையோருள் ஒருவரே ஆன் ஹட்சின்சன். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள ஆல்ஃபோர்டில் 1591 ஜூலை 20ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு நடைபெற்றது. தந்தை பிரான்சிஸ் மார்பரி ஒரு போதகர்; கல்வியறிவற்றோரைப் போதகர்களாக அமர்த்துவதைக் கண்டித்துப் பேசியதற்காகச் சிறை சென்றவர். தாய் பிரிட்ஜெட் டிரைடன். அவருடைய உடன்பிறந்தார் எராஸ்மஸின் பேரனே பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர் ஜான் டிரைடன். 1612இல் ஆன், வணிகரான வில்லியம் ஹட்சின்சனை மணந்தார். பதினைந்து பிள்ளைகளைப் பெற்றார். 1634இல் அக்குடும்பம் மாசச்சூசெட்ஸின் பாஸ்டன் நகரை அடைந்தது.

இவருடைய தாய்வழியை மேனோக்கிப் பின்தொடர்ந்தால், 1272 முதல் 1307 வரை ஆண்ட முதலாம் எட்வர்டு மன்னரைச் சென்றடையலாம். அவ்வழி எவ்வாறு நிறுவப்படுகிறது என்பதை மாணவர்கள் அறிவது நன்று. கொடிவழி ஆய்வில் அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கி, பிள்ளையிடமிருந்து பெற்றோரை நோக்கியே செல்லவேண்டும். அரசனிடமிருந்து தொடங்கிக் கீழே இறங்குவோர், தமக்கு வேண்டிய பெயரை எங்கேனும் கண்டெடுத்துவிடுவர்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும் என்று தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டது 1538இல். அதற்கு முற்பட்ட காலத்துக்கு உயில்களும் நிலப் பத்திரங்களுமே துணை. இவற்றினும் பயனுடையது மற்றொன்று. மன்னரிடமிருந்து நேரே நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்தால், அரச அலுவலர் அவ்வூர்ப் பெரியோரைக் கூட்டி, இறந்தவர் வைத்திருந்த நிலம் எது, உரிமை பெறுபவர் யார், அவருக்கு வயது என்ன என்று விசாரித்து எழுதுவார். உரிமையாளர் சிறுவராயின் அந்நிலத்தின் வருவாய் அவர் வளரும்வரை மன்னரையே சேரும். ஆதலின் வயதைப் பதிவதில் அரண்மனைக்குத் தனி அக்கறை இருந்தது. இன்று கொடிவழி ஆய்வாளர் போற்றும் அரிய சான்று, கருவூலத்தை நிரப்புவதற்காக எழுதப்பட்டது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். நிலம் இருந்தவர்க்கே ஏடு இருந்தது. டிரைடன் குடும்பம் நிலம் உடைய குடும்பம்; ஆதலின் ஆன் அம்மையாரின் வழியை மேலே பின்தொடர முடிகிறது. அவரோடு கடல் கடந்த ஏழை நெசவாளர்க்கும் பாட்டன் முப்பாட்டன் இருந்தனர். ஆனால் அவர்களைக் குறித்து விசாரிக்க அரசனுக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்படியாயின், அந்த நெசவாளரின் குருதியில் அரசர் எவரும் இல்லையா? கணக்கு வேறு சொல்கிறது. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அதற்கு மேல் எண்மர். தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று கொண்டால், இன்று வாழும் ஒருவருக்கும் முதலாம் எட்வர்டுக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தைந்து தலைமுறைகள். இருபத்தைந்தாம் தலைமுறையில் ஒருவருடைய முன்னோர்க்குரிய இடங்கள் 3 கோடியே 35 இலட்சத்துக்கும் மேற்படும். அக்கால இங்கிலாந்தின் மக்கள்தொகையோ அதில் ஒரு சிறு பங்கே. சார்லமேன் பேரரசர் இறந்த 814ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் சென்றால் தலைமுறைகள் நாற்பது. இடங்களோ ஓர் இலட்சம் கோடியைத் தாண்டும். அத்தனை மாந்தர் உலகில் வாழ்ந்ததே இல்லை. எனவே, ஒரே மனிதர் பல இடங்களை நிரப்பியிருக்கவேண்டும். ஒருவருடைய முன்னோரே அண்டைவீட்டாருடைய முன்னோராகவும் இருந்திருக்கவேண்டும்.

அரச குருதி பொதுமக்களிடையே இறங்கியதற்கு ஆங்கிலச் சட்டமும் துணைநின்றது. மூத்த மகனுக்கே பட்டமும் பெருநிலமும் சேரும். இளைய மக்கள் சட்டத்தின் முன் பொதுமக்களே. இளவரசியின் மகள் ஒரு பிரபுவையும், அவருடைய இளைய மகனின் மகள் ஒரு சிற்றூர் நிலக்கிழாரையும் மணப்பர். சில தலைமுறைகளில் அவ்வழியில் ஒரு போதகர் பிறப்பார். அவர் மகள் கப்பலேறுவார். ஆகவே அரச வழியில் வந்திருத்தல் அரிதன்று. அதை ஏட்டால் நிறுவ இயலுதலே அரிது. இவ்வரிய பொருளுக்கு விலை கொடுக்கச் செல்வர்கள் இருந்தமையால், போலிகளும் தோன்றின. சுவீடனில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்திய குஸ்டாவ் அன்ஜூ, மெய்யான ஆவணங்களுக்கிடையே பொய்யானவற்றைச் செருகி, செல்வக் குடும்பங்களுக்குக் கொடிவழி செய்து விற்றார். அவர் 1942இல் இறந்தார். அவர் புனைந்த முன்னோர்களைக் களைந்தெறியும் வேலை பிற ஆய்வாளர்க்கு நெடுங்காலம் நீடித்தது.

ஆன் அம்மையாரின் வாழ்வில் இவ்வரச வழி எதற்கு உதவிற்று? ஒன்றுக்கும் உதவவில்லை. பாஸ்டனில் அவர் தம் இல்லத்தில் பெண்களைக் கூட்டி, போதகர்களின் உரைகளை ஆராய்ந்து பேசினார்; பின்னர் ஆடவரும் வந்தனர். பெரும்பாலான போதகர்கள் இறையருளைவிட நற்செயலையே முன்னிறுத்துகின்றனர் என அவர் குறைகூறியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1637 நவம்பரில், ஆளுநர் ஜான் வின்திராப் தலைமையில் அமைந்த மன்றத்தின் முன் தமக்கென வழக்குரைப்போர் இன்றித் தனியே நின்று விடையளித்தார். திருமறை வாசகங்களை எடுத்துக்காட்டி வினவியோரைப் பலமுறை திணறடித்தார். இறுதியில், இறைவன் தமக்கு நேரே உணர்த்தினார் என்று கூறியது மன்றத்துக்குப் போதுமானதாயிற்று. நாடு கடத்தும் தீர்ப்பு வந்தது. எக்காரணத்தால் என்று அவர் கேட்டபோது, மன்றம் அதனை அறியும் என்று மட்டும் ஆளுநர் கூறி முடித்தார். அவருடைய முன்னோரான எட்வர்டு மன்னர் 1290இல் யூதர் அனைவரையும் இங்கிலாந்தை விட்டு வெளியேற்றியவர். நாடு கடத்தும் ஆணையை இட்டவரும் ஏற்றவரும் ஒரே கொடியில் காணப்படுகின்றனர்.

ரோட் தீவுப் பகுதிக்குச் சென்ற ஆன், கணவர் இறந்தபின் டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த நியூ நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். டச்சு ஆளுநர் கீஃப்ட் அங்கிருந்த பழங்குடியினர்மீது தொடுத்த போரால் அந்நிலம் கொதித்துக்கொண்டிருந்தது. 1643இல் சிவானோய் மக்களின் தாக்குதலில் ஆனும் உடனிருந்த பிள்ளைகளும் மாண்டனர். சூசன்னா என்னும் சிறுமி மட்டும் சிறைகொள்ளப்பட்டு, சில ஆண்டுகள் அம்மக்களிடையே வாழ்ந்து, பின்னர் மீண்டாள்.

ஆன் அம்மையாரின் வழித்தோன்றல்களுள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் புஷ் குடும்பத்துக் குடியரசுத்தலைவர் இருவரும் உளர். எனினும், அக்கொடியில் என் கருத்தைக் கவர்பவர் வேறொருவர். ஆனின் எள்ளுப்பேரன் தாமஸ் ஹட்சின்சன், அதே மாசச்சூசெட்ஸுக்குப் பிற்காலத்தில் ஆளுநரானவர், வரலாற்றாசிரியரும்கூட. 1765 ஆகஸ்டு 26ஆம் நாள் இரவு, முத்திரைவரிச் சட்டத்தால் சினங்கொண்ட பாஸ்டன் மக்கள் அவர் மாளிகையைச் சூறையாடினர். அவர் எழுதிக்கொண்டிருந்த வரலாற்று நூலின் கையெழுத்துப்படி தெருச்சேற்றில் வீசப்பட்டது. போதகர் ஆண்ட்ரூ எலியட் அத்தாள்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார். 1767இல் அந்நூலின் இரண்டாம் தொகுதி அச்சாயிற்று. அதன் பிற்சேர்க்கையாகத் தம் முன்னோளின் விசாரணையை, வினாவும் விடையுமாக, அவர் பதிப்பித்தார். 1637இல் ஆன் அம்மையார் மன்றத்தில் கூறியவற்றை நாம் இன்று விரிவாக அறிவது அப்பதிப்பின் வாயிலாகவே.