சி.டி.எஸ். யாருடைய கம்பெனி?

எங்கள் ஊர்ப் பக்கம் காக்னிசண்ட் என்று முழுப்பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். சி.டி.எஸ். தான். காக்னிசண்ட் டெக்னாலஜி சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். ஆண்டிமடத்தைத் தாண்டி, முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கிற வரதராஜன்பேட்டையில், "பையன் சி.டி.எஸ்.ல இருக்கான்" என்று சொல்லிவிட்டால் பெண் வீட்டார் மேற்கொண்டு கேள்வி கேட்காத காலம் ஒன்று இருந்தது. சுமார் பதினைந்து வருஷம் இருக்கலாம். என் பெரியம்மா மட்டும்தான் கேட்டார்: "அது வெள்ளக்காரன் கம்பெனியாடா, நம்மாளு கம்பெனியா?"

சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. கம்பெனி பதிவாகியிருப்பது அமெரிக்காவில். தலைமையகம் நியூ ஜெர்சி மாநிலத்தின் டீனெக். பங்கு வர்த்தகமாவது நாஸ்டாக்கில். ஆனால் பிறந்து வளர்ந்தது சென்னையில், உழைக்கிறவர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். நான் அங்கே வேலை பார்த்ததில்லை. வேறொரு கம்பெனியில் இருந்துகொண்டு, அவர்களுடைய குழுக்களோடு ஒரே திட்டத்தில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரனாகத் தெரிந்துகொண்ட கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதையை 1841இல் தொடங்கலாம். அந்த வருஷம் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் என்ற வியாபாரி மெர்கண்டைல் ஏஜென்சி என்ற ஒன்றைத் தொடங்கினார். எந்த ஊரில் எந்தக் கடைக்காரனுக்குக் கடன் கொடுக்கலாம், எவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று விசாரித்துக் குறித்துவைத்து, அந்தத் தகவலை விற்பது தொழில். நம்மூர் மொத்த வியாபாரிகள் வாய்வழியாகச் செய்துகொண்டிருந்ததை டாப்பன் பேரேட்டில் எழுதினார், அவ்வளவுதான். வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கனும் கொஞ்ச காலம் அதற்குத் தகவல் எழுதி அனுப்பினார் என்பார்கள். பின்னாளில் இதுதான் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் ஆனது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அது தகவல் வியாபாரத்தின் பெரிய கூட்டுக்குடும்பம். கடன் தகவல், மருந்து விற்பனைத் தகவல், டி.வி. பார்ப்பவர்களின் எண்ணிக்கை எல்லாமே அந்த ஒரே வீட்டுக்குள் இருந்தன.

தகவல் வியாபாரம் என்றால் மென்பொருள். மென்பொருள் என்றால் செலவு. அந்தச் செலவைக் குறைக்க இந்தியாவில் ஒரு பிரிவை வைக்கலாம் என்ற யோசனையை நிர்வாகத்தின் முன்வைத்தவர் குமார் மகாதேவா. இலங்கையில் பிறந்தவர், கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் படித்தவர். 1994 ஜனவரியில் சென்னையில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் சத்யம் சாஃப்ட்வேர் என்ற பெயரில் கூட்டு நிறுவனம் தொடங்கியது. அமெரிக்கர்களுக்கு 76 சதவீதம், ஹைதராபாத் சத்யத்துக்கு 24. ஆரம்பத்தில் சுமார் 50 பேர். நைரோபியில் பிறந்த பிரான்சிஸ்கோ டிசோசா அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். டி.சி.எஸ்.ஸில் பல வருஷம் இருந்த லட்சுமி நாராயணனும் ஆர். சந்திரசேகரனும் அதே வருஷம் வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச காலத்திலேயே சத்யத்தின் பங்கைத் தாய் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2009இல் சத்யத்தின் கணக்கு மோசடி வெளிவந்தபோது இந்த விவாகரத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

டி.சி.எஸ்.ஸிலிருந்து வந்தார்கள் என்பதைச் சும்மா கடந்துபோக முடியாது. இந்தியாவின் மென்பொருள் ஏற்றுமதி அதற்கு இருபது வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. 1968இல் பிறந்த டி.சி.எஸ்., எஃப்.சி. கோலியின் தலைமையில், எழுபதுகளில் பரோஸ் கணினிகளை வைத்துக்கொண்டு அமெரிக்க வேலையைப் பிடித்தது. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்க ஆள் தேவைப்பட்டது. வேறொருவன் எழுதிய பழைய நிரலைப் புரிந்துகொண்டு ஓட வைப்பது என்ற வேலையில் நமக்குப் பழக்கம் அப்படித்தான் வந்தது. காக்னிசண்ட் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழகிய கைகளைக் கூட்டிவந்து, அமெரிக்க முகத்தோடு உட்கார வைத்தது.

அந்த முகத்தின் மதிப்பு சாதாரணமானதில்லை. டி.சி.எஸ்.ஸும் இன்ஃபோசிஸும் அமெரிக்க வங்கிக்காரனிடம் போய் நின்றால் இந்திய விற்பனையாளர். காக்னிசண்ட் போய் நின்றால் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் குடும்பத்துப் பிள்ளை. 1996இல் அந்தக் கூட்டுக்குடும்பம் பாகம் பிரிந்தது. காக்னிசண்ட் கார்ப்பரேஷன் என்ற கிளைக்குப் போன இந்த மென்பொருள் பிரிவு, அங்கிருந்துதான் தன் பெயரைப் பெற்றது. 1998இல் அந்தக் கிளையும் பிரிந்தது. கார்ப்பரேஷன் மறைந்தது, பெயர் மட்டும் குழந்தையிடம் தங்கிவிட்டது. அதே வருஷம் ஜூனில் நாஸ்டாக்கில் ஒரு பங்கு 10 டாலர் என்று பொதுப்பங்கு வெளியீடு. அப்போதைய தாய் ஐ.எம்.எஸ். ஹெல்த், மருந்துத் தகவல் நிறுவனம். பின்னாளில் மருத்துவமும் மருந்தும் காக்னிசண்டின் பெரிய வயல்களில் ஒன்றாக ஆனதற்கு இந்தப் பிறந்த வீட்டுச் சீதனமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1998இல் வருமானம் ஆறு கோடி டாலரைத் தொடவில்லை. அது ஒய்.டூ.கே. காலம். வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த கோபால் நிரல்களை 2000க்கு முன்னால் திருத்தியாக வேண்டும். இந்தியக் கம்பெனிகள் எல்லாம் அந்த மழையில் நனைந்தன. மகாதேவா அந்த வேலையை எடுத்தார், ஆனால் வருமானத்தில் அது ஒரு அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார். 2000 ஜனவரி 1 விடிந்ததும் அந்த வேலை தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருகிற பணத்தை வேண்டாம் என்பது வேறு விஷயம். அவர் தேடியது பயன்பாட்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களை. காப்பீட்டுக் கம்பெனியின் நிரலை வருஷா வருஷம் ஓட வைப்பது. பளபளப்பில்லாத வேலை. ஆனால் முந்திரி மரம் மாதிரி, ஒருதரம் வேர் பிடித்தால் வருஷாவருஷம் காய்க்கும்.

இந்தத் தொழிலை எங்கள் பக்கத்து ஆளுக்கு விளக்க நான் முந்திரியைத்தான் எடுப்பேன். பண்ருட்டி ஆலைகள் உள்ளூர்க் கொட்டையோடு நிற்பதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை கப்பலில் வருகிறது, நம் பெண்கள் உடைத்துத் தோலுரித்துத் தரம் பிரிக்கிறார்கள், பருப்பு வெளியே போகிறது. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் தரத்தின் எண். 180, 240, 320 என்று போகும். சரக்கு நம்முடையது இல்லை, சந்தை நம்முடையது இல்லை. நடுவில் இருக்கிற கை மட்டும் நம்முடையது. ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டு வெந்துபோகிற கை. ஐ.டி. சேவையும் கையை விற்கிற தொழில்தான், கை வேகாது என்பது பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் எங்கள் ஊர் அம்மாக்கள் நகையை அடகு வைத்தார்கள். அதைச் சின்ன விஷயமாகப் பேசுகிறவர்கள் ஒருநாள் கொட்டை உடைத்துப் பார்க்க வேண்டும்.

கை எப்படி விற்கிறது என்பதுதான் சூட்சுமம். வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு டாலர் என்று தருகிறார். குழுவில் மேலே ஒரு மேலாளர், நடுவில் சில அனுபவசாலிகள், கீழே கல்லூரி முடித்த பிள்ளைகள். இந்தக் கூம்பை ஆங்கிலத்தில் பிரமிட் என்பார்கள். வருஷா வருஷம் எல்லோருக்கும் சம்பளம் ஏறும், ஆனால் வாடிக்கையாளர் தரும் விலை அதே வேகத்தில் ஏறாது. சராசரிச் செலவை அடக்க ஒரே வழி, கீழே புதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பது. அவர்களுக்கு வேலை கொடுக்க புது ஒப்பந்தம் வேண்டும். அதாவது, கம்பெனி வளர்ந்தால்தான் கூம்பு கூம்பாக நிற்கும். வளர்ச்சி நின்றால் நடுவில் வீங்கி உருளையாகிவிடும். ஆள் அதிகமாகி, ஒப்பந்தம் இல்லாமல் காத்திருப்பவர்களுக்கு பெஞ்ச் என்று பெயர். பள்ளிக்கூடத்து பெஞ்சில் ஏற்றி நிறுத்துவார்களே, கிட்டத்தட்ட அந்த உணர்வுதான்.

எல்லாக் கம்பெனிக்கும் இதே கூம்புதான். காக்னிசண்ட் மற்றவர்களைத் தாண்டியது லாபத்தைக் கையாண்ட விதத்தில். இன்ஃபோசிஸ் சுமார் 30 சதவீதம் செயல்பாட்டு லாபம் காட்டிப் பெருமைப்பட்ட காலத்தில், இவர்கள் 19, 20 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் வருவதை அமெரிக்க மண்ணிலேயே ஆள் போடச் செலவழித்தார்கள். ஒவ்வொரு பெரிய வாடிக்கையாளருக்கும் இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் வாடிக்கையாளரின் ஊரில், இன்னொருவர் சென்னையிலோ கொல்கத்தாவிலோ, இருவருக்கும் ஒரே இலக்கு. நான் வேலை செய்த திட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தரப்பில் விற்றவனுக்கும் செய்தவனுக்கும் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, அவர்கள் ஆள் எழுந்து அடுத்த வேலைக்கான முன்மொழிவை மேசையில் வைப்பான்.

2003இல் ஐ.எம்.எஸ். ஹெல்த் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. கம்பெனி தனி ஆளானது. அந்த வருஷக் கடைசியில் மகாதேவா விலக, லட்சுமி நாராயணன் தலைமைக்கு வந்தார். 2007இல் டிசோசா. வருமானம் 2002இல் 22.9 கோடி டாலர், 2006இல் 142 கோடி, 2012இல் 730 கோடிக்கு மேல். 2011இல் விப்ரோவைத் தாண்டியது, 2012இன் ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸை. 2006 முடிவில் 39 ஆயிரத்தை ஒட்டி இருந்த ஊழியர் எண்ணிக்கை 2010 முடிவில் ஒரு லட்சத்தைக் கடந்தது. நாலு வருஷத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் கூடுதல். வரதராஜன்பேட்டையின் மொத்த மக்கள்தொகையைவிட இது பல மடங்கு.

இத்தனை பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? இந்தக் கேள்வியை வணிக இதழ்கள் அதிகம் கேட்பதில்லை. அவர்களுக்கு டிசோசாவின் பேட்டி போதும். எனக்குத் தெரிந்த பதில் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் கோப்புகளில் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 1997இல் கருணாநிதி அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கை கொண்டுவந்தது, 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது, பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. சாலை ஆனது. 2007இல் பொறியியல் நுழைவுத்தேர்வு போனது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. நுழைவுத்தேர்வு இல்லாத முதல் வருஷத்தில் சேர்ந்தவன் நான். அதற்கு முன்னால் எங்கள் ஊரிலிருந்து கோச்சிங் வேண்டுமென்றால் திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ போய்த் தங்க வேண்டும். சாமியார்கள் நடத்திய பள்ளியில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகூட அந்த ஒரு தேர்வில் தடுக்கி விழும். அது போனதும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். கூம்பின் அடிப்பாகத்துக்கு ஆள் தேவைப்பட்ட அதே வருஷங்களில் அரசு அந்த ஆளை உருவாக்கிக் கொடுத்தது. கல்லூரிகளின் தரம் பற்றிப் புகார் சொல்லலாம், நானும் சொல்வேன். எங்கள் ஆய்வகத்தில் பாதிக் கணினி ஓடாது. ஆனால் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்டது அறிஞர்கள் இல்லை. மூன்று மாதப் பயிற்சியில் பழகக்கூடிய, பொறுமையான, ஆயிரக்கணக்கான பேர்.

ஏற்றம் திரும்பிய இடத்தைக் குறிக்கச் சொன்னால் 2016ஐச் சொல்வேன். அந்த செப்டம்பரில், இந்தியாவில் முறைகேடான பணம் கொடுக்கப்பட்டதா என்று உள்விசாரணை நடப்பதைக் கம்பெனியே அறிவித்தது. தலைவர் கார்டன் கோபர்ன் விலகினார், பங்கு ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. விஷயம் சென்னையில் 27 லட்சம் சதுர அடியில் கட்டிய வளாகம். திட்ட அனுமதிக்காக ஒப்பந்ததாரர் வழியாக 20 லட்சம் டாலர் லஞ்சம் என்பது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் கட்டி கம்பெனி அதை முடித்துக்கொண்டது. கோபர்ன் உள்ளிட்ட இரு முன்னாள் அதிகாரிகள் மீதான குற்றவியல் வழக்கு 2025இல் கைவிடப்பட்டது. கொடுத்தவர் தரப்புக் கதை அமெரிக்க ஆவணங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. வாங்கியவர் அதில் பெயரில்லாத ஓர் அதிகாரி. நம் ஊர் வழக்கப்படி இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதே நவம்பரில் எலியட் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம், சுமார் 4 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டு, கம்பெனிக்குக் கடிதம் எழுதியது. லாபத்தை 20க்குள் நிறுத்துவது என்ன பழக்கம், மீதியைப் பங்குதாரருக்குக் கொடு என்பதுதான் சாரம். 2017 பிப்ரவரியில் நிர்வாகம் இணங்கியது. இரண்டு வருஷத்தில் 340 கோடி டாலர் பங்குதாரர்களுக்கு, லாப விகிதம் 22 சதவீதத்துக்கு. இருபது வருஷம் வளர்ச்சிக்கு உரமாகப் போன பணம் வாய்க்கால் மாறியது. அந்த மே மாதம் சென்னையில் ஐ.டி. ஊழியர்கள் தொழிலாளர் துறை அலுவலகப் படி ஏறினார்கள். பெரியம்மாவின் கேள்விக்கு அந்த வருஷம் கொஞ்சம் தெளிவான பதில் கிடைத்தது என்பேன். கை நம்முடையது, கணக்குப்பிள்ளையும் நம்மாள், முதலாளி பங்கு வைத்திருப்பவன்.

கம்பெனி படுத்துவிடவில்லை. 2024 வருமானம் 1,970 கோடி டாலர், ஊழியர்கள் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அந்த வருஷம் ஆகஸ்டில் ஊரெல்லாம் பேசியது வேறு எண். புதியவர்களுக்கு வருஷம் 2.52 லட்சம் ரூபாய் சம்பளம் என்ற அறிவிப்பு. மூன்று வருடப் பட்டதாரிகளுக்கான சம்பளம் அது, பொறியியல் படித்தவர்களுக்கு 4 லட்சத்திலிருந்து தொடங்கும் என்று கம்பெனி விளக்கியது. விளக்கம் சரிதான். நான் 2011இல் கல்லூரி முடித்தபோது என் நண்பர்கள் பெரிய கம்பெனிகளில் வாங்கிய ஆரம்பச் சம்பளம் 3 லட்சத்துக்குச் சற்று மேல். இடையில் பெட்ரோல், வாடகை, கல்லூரிக் கட்டணம் எல்லாம் எங்கே போய்விட்டன என்று சொல்லவேண்டியதில்லை. கூம்பின் அடியில் இருப்பவன் செய்த வேலையில் ஒரு பகுதியை இப்போது செயற்கை நுண்ணறிவு செய்துபார்க்கிறது. நானே அதை வைத்துத்தான் பழைய கோபாலைப் படிக்கிறேன். அவன் மூன்று நாள் எடுப்பதை அது மூன்று நிமிஷத்தில் சுமாராகச் சொல்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண், பெரம்பலூரில் படித்து முடித்தவள், ஒரு கம்பெனியின் வேலைக் கடிதத்தைப் பதினோரு மாதமாக வைத்திருக்கிறாள். எப்போது சேர வேண்டும் என்ற தேதி மட்டும் வரவில்லை. இந்தச் சீசனில் அவளும் அம்மாவோடு காட்டுக்குப் போய்க் கொட்டை பொறுக்கினாள். போன வாரம் போனில் கேட்டாள், "அண்ணா, தேதி வருமா, இல்ல டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்க ஆரம்பிச்சிடவா?" ரெண்டையும் சேர்த்தே பாரும்மா என்றேன். படிக்கிற புத்தகங்களின் பட்டியலை அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.