'ஈஸ்' என்ன வேலை செய்யுது?

எட்டாம் வகுப்பு. "வெர்ப்னா என்ன?" என்று வாத்தியார் கேட்டால் வகுப்பே கோரஸாகக் கத்தும்: "செயலைக் குறிக்கும் சொல்!" ஒரு நாள் 'ஷி ஈஸ் எ டீச்சர்' என்று போர்டில் எழுதி, வெர்ப்புக்கு அடியில் கோடு போடச் சொன்னார். நான் 'டீச்சர்'க்கு அடியில் போட்டேன். பாடம் நடத்துறதுதானே செயல்? 'ஈஸ்' சும்மாதானே நிக்குது! குட்டு விழுந்ததுதான் மிச்சம்.

ரன், ஈட் எல்லாம் ஆக்‌ஷன் வெர்ப், 'ஈஸ்' லிங்கிங் வெர்ப், அதாவது இரண்டு சொல்லை இணைக்கிற பசை என்பதெல்லாம் அப்புறம் தெரிஞ்சுது. ஆனா இந்தப் பசையும் ஒரு காலத்துல உடம்பு வளைஞ்சு வேலை பார்த்த வினைதான் என்பது, அதன் பூர்வீகத்தைப் படிச்சப்போதான் புரிஞ்சுது.

பி, ஈஸ், வாஸ் மூணும் ஒரே வினையின் வடிவங்கள்னு மனப்பாடம் பண்றோம் இல்லையா? உண்மையில் மூணும் வேற வேற வீட்டுப் பிள்ளைங்க. பழைய ஆங்கிலத்தில் வெசன், பேயன் என்று இரண்டு வினைகள் இருந்து, பிற்பாடு ஒன்றாகக் கலந்தன. 'வாஸ்' பிறந்த வேருக்குத் தங்குதல், வசித்தல் என்று பொருள். சமஸ்கிருத 'வசதி' (வசிக்கிறான்) அதற்குச் சொந்தம். நாம சொல்ற வாசஸ்தலமும் அந்த வழிதான். 'பி'யின் வேர் வளர்தல், உண்டாதல். 'பவதி', 'பூமி' எல்லாம் அதோட பங்காளிகள். 'ஈஸ்' மட்டும்தான் ஆதியிலிருந்தே வெறும் 'இருக்கிறது': 'அஸ்தி'யின் உறவு.

இந்த வேலைமாற்றம் அதோடு நிற்கவில்லை. 'பிகம்' முதலில் வந்து சேர்தல். 'ஆகுதல்' என்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் வெயொர்தன் என்று ஒரு வினை இருந்தது. அது செத்துப்போக (ஜெர்மனில் வெர்டன் என்று இன்னும் நன்றாக வாழ்கிறது), அந்த நாற்காலியில் பிகம் உட்கார்ந்துகொண்டது. க்ரோ, டர்ன், ஃபால், கோ எல்லாம் அதே வரிசை. 'ஃபால் இல்' என்றால் யாரும் எங்கேயும் விழுவதில்லை!

பாதி வழியில் நிற்கிற வினைகள்தான் மாணவர்களைப் படுத்தும். 'தி சூப் டேஸ்ட்ஸ் குட்' என்பதில் 'ஈஸ்' போட்டுப் பாருங்க, பொருந்தும், ஆகவே லிங்கிங். 'தி குக் டேஸ்ட்ஸ் தி சூப்' என்பதில் போட்டால் சமையல்காரரே சூப் ஆகிவிடுவார்.

பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லௌத் 1762ல் எழுதிய இலக்கணம், வெர்ப்புக்கான விளக்கத்தில் இருத்தலையும் செய்தலையும் சேர்த்தே சொல்லியது. எங்க வகுப்பு கோரஸைவிட அது எவ்வளவோ மேல். ஆனா அவரும் இருப்பது, தூங்குவது, நடப்பது மூணையும் 'நியூட்டர்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். 1795ல் வந்து பள்ளிக்கூடங்களை ஆண்ட லிண்ட்லி மர்ரேயும் அதே வழி.

நம்ம 'இரு'வும் இந்தக் கட்சிதான். அதுக்கு உட்கார்தல் என்றும் பொருள் உண்டு. 'இருக்கை' என்ற சொல்லில் அது அப்படியே இருக்கு. ஆனா 'அவர் ஆசிரியர்' என்று சொல்ல நமக்கு அதுகூட வேண்டாம். அங்கே பயனிலை எது? 'ஆசிரியர்' என்ற பெயர்ச்சொல்தான். இலக்கணத்தில் அதுக்குப் பெயர்ப்பயனிலைன்னே பேர். நான் கோடு போட்டதும் அதுக்கு அடியிலதான், வாத்தியாரே!