அடுத்த நாளே சரணடைந்த கோட்டை

நோர்வே எண்டவுடன எங்களில் கனபேருக்கு ஞாபகம் வாறது சமாதானப் பேச்சுவார்த்தையும் ஒஸ்லோவில் இருக்கிற சொந்தக்காரரும்தான். அந்த நாட்டுக் கரையோரத்தில் எத்தனை கோட்டைகள் இருக்கு எண்டு நாங்கள் யோசிக்கிறதில்லை. 1300ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய அகெர்ஸ்ஹூஸ் ஒஸ்லோவில் இருக்கிறது. வடகோடியில் நட்சத்திர வடிவில் வார்தோஹூஸ் இருக்கிறது. கடலை நம்பி வாழ்ந்த நாட்டுக்கு எதிரியும் கடலாலதான் வருவான். இங்கே நாம் கதைக்கப்போவது அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும்: ஒஸ்கார்ஸ்போர்க்.

ஒஸ்லோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றரில், நிலத்துக்குள் நீண்டு வரும் கடல் துரோபாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒடுங்குகிறது. அதன் நடுவிலுள்ள சிறு தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். கெட்டித்தனம் மதிலில் இல்லை, தண்ணிக்குக் கீழேதான். 1870களில் தீவின் மேற்குப் பக்கம் கடலடியில் நீளமான கல்லணை ஒன்று போட்டார்கள். மேலே பார்த்தால் வெறும் தண்ணி, ஆனால் பெரிய கப்பல் போகேலாது. ஒஸ்லோவுக்குப் போகிற போர்க்கப்பல் கிழக்குப் பக்கத்து ஒடுங்கிய வழியால், பீரங்கிகளுக்கு முன்னாலதான் போகவேணும்.

1940இல் இந்தக் கோட்டையைப் பழசு எண்டு ஒதுக்கிவைத்த மாதிரித்தான். மூன்று பெரிய பீரங்கிகளும் 1893இல் ஜேர்மனியின் குருப் நிறுவனத்திடம் வாங்கியவை. மோசே, ஆரோன், யோசுவா எண்டு அவற்றுக்குப் பட்டப்பெயர். டோர்பிடோக்களுக்கு வயது ஏறத்தாழ 40. ஏப்ரல் 8ஆம் திகதி அங்கிருந்த இளைஞர்களில் பெரும்பாலானோர் புதிதாக வந்தவர்கள். பீரங்கி இயக்கத் தெரிந்த ஆக்கள் காணாது. சமையல் வேலை செய்தவர்களையும் கூப்பிட்டுத்தான் இரண்டு பீரங்கிக்கு ஆள் சேர்த்தார்கள். டோர்பிடோ பகுதிக்கு அன்றிரவு பொறுப்பெடுத்தவர், ஏற்கெனவே இளைப்பாறியிருந்த அந்திரியாஸ் அண்டர்சன்.

9ஆம் திகதி விடியப்புறம் இருட்டுக்குள்ளே கப்பல்கள் வந்தன. நோர்வே நடுநிலை நாடு. வாறது யாருடைய கப்பல் எண்டு தளபதி பிர்கர் எரிக்சனுக்கு உறுதியாகத் தெரியாது, மேலிடத்திலிருந்து தெளிவான கட்டளையும் இல்லை. வழமைப்படி முதலில் எச்சரிக்கை வேட்டு வைக்கவேணும். 64 வயதான எரிக்சன் நேராகவே சுடச் சொன்னார். பிழைத்தால் இராணுவ நீதிமன்றம் எண்டு அவருக்கு நல்லாத் தெரியும்.

4.21 மணி. பெரிய பீரங்கிகள் இரண்டும் ஒவ்வொரு ஷெல் அடித்தன. இரண்டும் பட்டன. திரும்ப ஷெல் ஏற்ற நேரமும் இல்லை, போதிய ஆளும் இல்லை. கரையிலிருந்த சிறிய பீரங்கிகள் தொடர்ந்து அடிக்க, பாறைக்குள் மறைத்து வைத்திருந்த இடத்திலிருந்து டோர்பிடோக்கள் பாய்ந்தன. சேவைக்கு வந்து ஒரு வருசமும் ஆகாத, ஒஸ்லோவைக் கைப்பற்றும் படையின் தலைமை அதிகாரிகளை ஏற்றிவந்த புளூக்கர் என்ற கப்பல் காலையில் மூழ்கியது. மற்றக் கப்பல்கள் திரும்பிப் போயின. குளிர் தண்ணிக்குள்ளும் எரிகிற எண்ணெய்க்குள்ளும் செத்த நூற்றுக்கணக்கானவர்களில் கனபேர் இளம் பெடியள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இதோட ஒஸ்லோ தப்பிச்சுதா? இல்லை. அன்றைக்கே விமானத்தில் வந்திறங்கிய ஜேர்மன் படை நகரைப் பிடித்தது. பேர்கன், ட்ரொண்ட்ஹைம், கிறிஸ்தியான்சான் எல்லாம் அதே நாளில் விழுந்தன. குண்டுவீச்சு வாங்கிய ஒஸ்கார்ஸ்போர்க்கும் 10ஆம் திகதி சரணடைந்தது.

அப்ப என்னதான் மிஞ்சியது? சில மணித்தியாலங்கள். அந்த நேரத்துக்குள் ஏழாவது ஹாகோன் மன்னரும் அமைச்சரவையும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் காலை ரயிலில் வடக்கே கிளம்பினார்கள். மத்திய வங்கியின் ஏறத்தாழ 50 தொன் தங்கம் லொறிகளில் வெளியேறியது. அன்றிரவு குவிஸ்லிங் வானொலியில் தன்னைத்தானே பிரதமராக அறிவித்தார். அவரைப் பிரதமராக ஏற்கச் சொல்லி ஜேர்மனி கேட்டது. பிடிபடாத மன்னர் மாட்டன் எண்டார். ஜூனில் அரசாங்கம் இலண்டனுக்குப் போனது. சட்டப்படியான அரசாங்கம் ஒன்று வெளியில் இருந்தபடியால்தான் 1,000 அளவிலான நோர்வே வணிகக் கப்பல்களை ஒரே நிர்வாகத்தின் கீழ் நேச நாடுகளின் பக்கம் ஓடவைக்க முடிந்தது.

கோட்டை எண்டால் விழாமல் நிற்கவேணும் எண்டுதான் நாம் நினைக்கிறம். அந்தக் கணக்கில் ஒஸ்கார்ஸ்போர்க் தோற்ற கோட்டை. ஆனால் ஒரு நாடு தன் அரசாங்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது கொடுத்த நேரம் போதுமாயிருந்தது. 1905இல்தான் சுவீடனிலிருந்து பிரிந்த நாட்டுக்கு அது சின்ன விசயமில்லை. வரலாற்றை வென்றவர், தோற்றவர் எண்டு மட்டும் பிரித்து வாசித்தால் இப்படியான சில மணித்தியாலங்கள் எங்கட கண்ணில் படாமலே போயிடும்.

இன்று அந்தத் தீவில் அருங்காட்சியகமும் ஹோட்டலும் இருக்கின்றன. மூன்று பீரங்கிகளும் அதே இடத்தில் நிற்கின்றன. புளூக்கர் இன்னும் கீழேதான் கிடக்கிறது. ஒஸ்லோவில் உங்கட ஆக்கள் இருந்தால் ஒருக்கா போய்ப் பார்க்கச் சொல்லுங்கோ.