நான் அழித்த அட்டவணை

போன மாதம் பேத்தி தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினாள். "தாத்தா, நாளன்னிக்கு பரீட்சை. கே.எம்.பி. அல்காரிதம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. நீங்கதான் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்ல இருந்தீங்களே!"

இருந்தேன்தான். ஆனால் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. பாடத்தை அனுப்பச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி படிக்கும்போதே நெஞ்சில் சுருக்கென்றது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

ஒரு நீண்ட எழுத்துத் தொடருக்குள் இன்னொரு சிறு தொடர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கைபேசியில் பெயரைத் தேடுகிறோமே, அதுதான். எளிய வழி நமக்கெல்லாம் தெரியும். முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒத்துவரவில்லையா, ஓரெழுத்து நகர்ந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

'கபகபகபகச' என்ற தொடரில் 'கபகபகச' எங்கே என்று பார்ப்போம். முதல் ஐந்து எழுத்தும் பொருந்துகின்றன. ஆறாவதில் 'ச' இருக்க வேண்டிய இடத்தில் 'ப' நிற்கிறது. எளிய வழியில் போனால், பார்த்ததை எல்லாம் மறந்துவிட்டு இரண்டாவது எழுத்துக்குத் திரும்ப வேண்டும்.

கொஞ்சம் யோசியுங்கள். ஐந்து எழுத்து பொருந்தியது என்றால் அந்த ஐந்தும் 'கபகபக' என்று நமக்குத் தெரியுமே! அதன் கடைசி மூன்று எழுத்தும் 'கபக', நாம் தேடுவதன் முதல் மூன்று எழுத்தும் 'கபக'. ஆகவே தேடும் சொல்லை இரண்டு இடம் தள்ளிவைத்து, நின்ற இடத்திலிருந்தே மேலே போகலாம். பின்னால் திரும்பவே வேண்டாம். எங்கே தவறினால் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை, தேடுவதற்கு முன்பே ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சூட்சுமம் முழுக்க அந்த அட்டவணையில்தான். லட்சம் எழுத்துள்ள உரையில் ஆயிரம் எழுத்துத் தொடரைத் தேடினால், எளிய வழியில் மிக மோசமான நிலையில் பத்துக் கோடி ஒப்பீடு வரை ஆகலாம். இந்த வழியில் எப்பேர்ப்பட்ட உரையானாலும் சுமார் இரண்டு லட்சத்தில் தேடல் முடிந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மாரிஸ். 1969 கோடையில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், சி.டி.சி. 6400 என்ற கணினிக்கு ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதும் வேலையில் இருந்தார். படித்து முடித்த உரைக்குள் மறுபடி பின்னால் போவது அந்த மாதிரி வேலையில் பெரிய தலைவலி. அதைத் தவிர்க்கத்தான் இந்த வழியைப் பிடித்தார்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. அவர் எழுதியது உடன் வேலை செய்தவர்களுக்குப் புரியவில்லை. சில மாதம் கழித்து மாரிஸ் போய்ப் பார்த்தால், ஆளாளுக்குச் 'சரி செய்து' அந்தப் பகுதியையே குட்டிச்சுவராக்கி வைத்திருந்தார்கள்.

இதே நேரத்தில் ஸ்டீபன் குக் என்ற கணித அறிஞர், காகிதத்தில் மட்டுமே இருக்கும் ஒருவகைக் கற்பனை இயந்திரத்தைப் பற்றி ஒரு தேற்றத்தை நிறுவினார். அது சரி என்றால் இப்படித் தேடுவதற்கும் ஒரு வேகமான வழி இருந்தே தீர வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டொனால்ட் க்னூத், அந்த இயந்திரம் படிப்படியாக என்ன செய்கிறது என்று பொறுமையாகத் தொடர்ந்து போய், அதிலிருந்து ஒரு ப்ரோகிராமை உருவி எடுத்தார். அவருடைய மாணவர் வான் ப்ராட் அதை இன்னும் செம்மைப்படுத்தி மாரிஸிடம் விவரித்தார். கேட்ட மாரிஸுக்கு ஆச்சரியம். அது அவர் ஏற்கெனவே எழுதிய அதே வழி! சோவியத் நாட்டில் யூரி மத்தியசேவிச்சும் 1969-லேயே இதையொத்த ஒரு முறையைக் கண்டிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது.

மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977-ல் அச்சாயிற்று. க்னூத், மாரிஸ், ப்ராட் ஆகிய மூன்று பெயர்களின் முதலெழுத்துகள்தான் பேத்தியை அழவைத்த கே.எம்.பி. மாரிஸின் எடிட்டருக்கு நேர்ந்த கதியையும் அந்தக் கட்டுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இனி என் கதை.

1987-ல் எங்கள் அலுவலகக் கணினிப் பிரிவில் எல்லாம் கோபால்தான். ஆள் பெயர் இல்லை, கணினி மொழி. கிளைகளிலிருந்து வரும் விவரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கணக்கு எண் வரியில் எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. தேடித்தான் எடுக்க வேண்டும். அதற்கான ப்ரோகிராமை எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் எழுதியிருந்தார். அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டு வேளையிலும் ஏதாவது படித்துக்கொண்டிருப்பார். ஆறு மாதத்தில் அவரை வெளியூருக்கு மாற்றிவிட்டார்கள். ப்ரோகிராம் என் கைக்கு வந்தது.

தேடலுக்கு முன்னால் ஒரு சின்ன அட்டவணை போட்டிருந்தார். 0, 1, 2, 3 என்று எண்கள். எதற்கு என்று விளங்கவில்லை. ஒரு வரி விளக்கமும் எழுதிவைக்கவில்லை. நான் அதைத் தூக்கிவிட்டு, எனக்குத் தெரிந்த எளிய வழியில் மாற்றி எழுதினேன். விடை சரியாக வந்தது. 'எளிமைப்படுத்தப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதற்குப் பிறகு, முக்கால் மணியில் முடிந்த இரவு வேலை இரண்டு மணிக்கு மேல் இழுத்தது. கணினி பழசாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். இப்போது காரணம் தெரிகிறது. எங்கள் கணக்கு எண்கள் 0000000417 என்கிற மாதிரி இருக்கும். விவரங்களிலும் எங்கே பார்த்தாலும் பூஜ்யம். ஏழெட்டுப் பூஜ்யம் பொருந்திப் பொருந்திக் கடைசியில் தவறும். என் ப்ரோகிராம் ஒவ்வொரு முறையும் முதல் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். எளிய வழிக்கு அதைவிட மோசமான எதிரி கிடையாது. அட்டவணை இருந்தது அதற்காகத்தான்.

அந்த இளைஞர் ஒருமுறை விடுப்பில் வந்தபோது பிரிவுக்கு வந்து எட்டிப்பார்த்தார். மேஜையில் கிடந்த தாளைப் புரட்டிவிட்டு, "மாத்திட்டீங்களா சார்?" என்றார். "நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதணும் தம்பி" என்று நான் உபதேசம் செய்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஏன் அப்படி எழுதினாய் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்க எனக்குத் தோன்றவில்லை. சீனியர் ஆயிற்றே!

அவர் விளக்கம் எழுதாமல் போனது பிழைதான். அதைவிட, புரியாததைத் தேவையில்லாதது என்று நான் முடிவு கட்டியது பெரிய பிழை.

பேத்திக்குக் 'கபகப' உதாரணத்தை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். புரிந்துவிட்டதாம், அந்தக் கேள்வியும் வந்ததாம். அந்தத் தம்பியும் இந்நேரம் ஓய்வு பெற்றிருப்பார். எங்கிருந்தாவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வரி எழுதுங்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தாமதமாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.